குளம்பிலிருந்து வாசிப்பது

செனோஃபோன் என்றால் நமக்குச் சாக்ரடீஸின் மாணவர். பாரசீகத்தில் தலைவர்களை இழந்து தவித்த கிரேக்கக் கூலிப்படை ஊர் திரும்பிய கதையை எழுதியவர். குதிரையேற்றம் பற்றி அவர் எழுதிய சின்ன நூலை இலக்கியக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. ஏறக்குறைய 2,400 ஆண்டுகள் பழையது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். எனக்கு அது ஒரு விமர்சன நூல். இன்னும் எழுதி முடிக்கப்படாத ஒன்றை எப்படி வாசிப்பது என்பதுதான் அதன் முதல் அத்தியாயம்.

குதிரை வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்றுதான் தொடங்குகிறார். யாருமே ஏறிப் பார்க்காத இளங்குதிரையின் குணம் யாருக்கும் தெரியாது, உடம்பை மட்டும்தான் சோதிக்க முடியும் என்கிறார். எங்கே தொடங்குவது? குளம்பில். அடித்தளம் சரியில்லாத வீட்டுக்கு மேல்மாடி அழகாக இருந்து என்ன பயன் என்று கேட்கிறார். பிறகு கணுக்கால், முழங்கால், மார்பு, கழுத்து என்று மேலே ஏறிப் போகிறார். நாம் முதலில் பார்ப்பது தலையை, பிடரியை. அவர் கண் கீழிருந்து மேலே போகிறது. இந்த வரிசைக்காகவே நூலைப் படிக்கலாம்.

இன்று இளங்குதிரை வாங்குவதும் எதிர்காலத்தை வாங்குவதுதான். டிரெஸ்ஸாஜ் என்பது 20க்கு 60 மீட்டர் மணல் மைதானத்தில், ஒவ்வொரு அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் விளையாட்டு. அதற்கென்று ஐரோப்பாவில் வளர்க்கப்படுபவைதான் வார்ம்பிளட் குதிரைகள். பெயரில் வெப்பம் இருந்தாலும் ரத்தத்தின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கனமான உழவுக் குதிரைக்கும் துடிப்பான அரபுக் குதிரைக்கும் நடுவில் நிற்கும் ஹனோவேரியன், ஓல்டன்பர்க் போன்ற இனங்கள். மூன்று வயதில் ஏலத்துக்கு வருகின்றன. டிரெஸ்ஸாஜின் உச்சமான கிராண்ட் பிரீயில் இறங்க எட்டு வயதாவது ஆகவேண்டும். வாங்குகிறவர் பார்ப்பது ஒரு குதிரையை, பணம் கொடுப்பது ஐந்து வருடம் கழித்து வரக்கூடிய வேறொரு குதிரைக்கு.

இளங்குதிரைகளுக்கான போட்டியில் நடை, டிராட், கேன்டர் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். நாலாவது, பணிவு. ஐந்தாவதுதான் என்னை உட்கார வைத்தது: எதிர்கால வாய்ப்பு. இன்னும் நடக்காத ஒன்றுக்கு, தசமப் புள்ளியோடு மதிப்பெண்! முதல் தொகுப்பு போட்ட கவிஞரை ‘நாளைய நம்பிக்கை’ என்று அட்டையில் எழுதுகிறோமே, அதே வேலைதான். என்ன, அங்கே அதற்கு விலை உண்டு.

அனுபவசாலிகள் சொல்வது, டிராட்டைப் பயிற்சியில் கூட்டிவிடலாம், நடையையும் கேன்டரையும் பார்த்து வாங்கு என்று. ஆனால் ஏலத்தில் கூட்டம் கைதட்டுவது, முன்னங்காலை வானத்துக்கு வீசும் டிராட்டுக்குத்தான். பின்னங்கால் அதே அளவுக்கு உடம்பின் கீழே வருகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? டோட்டிலாஸ் என்ற கறுப்புக் குதிரை 2010 உலகப் போட்டியில் எட்வர்ட் காலோடு மூன்று தங்கம் வென்றதும் ஜெர்மனிக்கு விற்கப்பட்டது. பல மில்லியன் யூரோ என்று எழுதினார்கள். புதிய சவாரியாளரிடம் அந்தப் பழைய உயரம் வரவே இல்லை. 2015இல் ஆட்டம் முடிந்தது. வலேக்ரோ கதை தலைகீழ். பொலிகுதிரைத் தேர்வில் தேறாத குட்டி. கார்ல் ஹெஸ்டர் நாலாயிரம் யூரோ அளவில் வாங்கினார். சிறியது என்று விற்கவும் பார்த்தார். அதன்மேல் ஏறிய ஷார்லட் டுஜார்டின் 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் தனிநபர் தங்கம் வென்றார். சந்தைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று இங்கேயே முடித்துக்கொள்ள ஆசைதான்.

முடிக்க முடியவில்லை. 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, அதே டுஜார்டின் ஒரு பயிற்சி வகுப்பில் மாணவியின் குதிரையைக் காலில் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடிக்கும் காணொளி வெளியானது. போட்டியிலிருந்து விலகினார், மன்னிப்புக் கேட்டார், ஓராண்டுத் தடை வந்தது. நான் வலேக்ரோவின் பழைய காணொளிகளைப் பலமுறை பார்த்து ரசித்தவன். இப்போதும் அவை அழகாகத்தான் இருக்கின்றன. அதுதான் சங்கடம். காலை இன்னும் உயரத் தூக்கு என்கிற அந்தச் சாட்டை, ஐந்தாவது மதிப்பெண்ணின் நீட்சி என்று எனக்குப் படுகிறது. ‘வாய்ப்பு’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், அது பொய்யாகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை குதிரையின் தலையில்தானே விழுகிறது?

இதைச் செனோஃபோன் அன்றே சொல்லிவிட்டார் என்று மேற்கோள் காட்டுபவர்கள் நிறைய. கட்டாயத்தில் செய்வதைக் குதிரை புரிந்து செய்வதில்லை, ஆடுபவரைச் சாட்டையால் அடித்து ஆட வைப்பதைப்போல அதில் அழகும் இல்லை என்ற அவருடைய கருத்து ரொம்பப் பிரபலம். தட்டுக்கழி பறந்து வந்த நாட்டிய வகுப்புக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த உவமை சுருக்கென்று தைக்கும்.

ஆனால் முன்பின் பக்கங்களையும் படிக்க வேண்டும். அதே மனிதர் இரண்டு கடிவாளம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார், ஒன்று முள்ளுள்ளது, ஒன்று வழவழப்பானது. முள்ளை முதலில் போட்டுப் பழக்கினால், பிறகு வழவழப்பானதைப் போடும்போது குதிரை சந்தோஷமாகவே கேட்குமாம். பசியும் தாகமும் குட்டி தனியாக இருக்கும்போது வரட்டும், தீர்வு மனிதன் கையிலிருந்து வரட்டும், அப்போது அது மனிதனை நேசிக்கும் என்கிறார். அவருடைய கனிவு முழுக்க ஒரு தொழில்நுட்பம். மென்மை என்றால் வன்முறை இல்லாதது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. முன்கூட்டியே செய்து முடிக்கப்பட்ட வன்முறையாகவும் அது இருக்கலாம். அவரை விலங்குநேசர் ஆக்கிச் சுவரில் மாட்டும் வாசிப்புகள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகின்றன.

அதோடு, இந்த வேலையை அவர் தானும் செய்யவில்லை, நண்பர்களையும் செய்யச் சொல்லவில்லை. குட்டியைப் பழக்க ஆள் வைத்துக்கொள், பிள்ளையைத் தொழில் கற்க அனுப்புவதுபோல என்னென்ன கற்றுத்தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள் என்கிறார். கனவானுக்குத் தன் உடம்பு, சொத்து, அரசியல் என்று வேறு வேலை இருக்கிறது. பசித்த குட்டிக்குத் தீனி கொண்டுபோகும் லாயக்காரர் நூல் முழுக்க வருகிறார், பெயரில்லாமல்.

நூலின் தொடக்கத்தில் தனக்கு முன் இதே விஷயத்தை எழுதிய சைமன் என்பவரைச் செனோஃபோன் மரியாதையோடு நினைவுகூர்கிறார். ஏதென்ஸில் எலியூசினியனில் வெண்கலக் குதிரை ஒன்றை நிறுவி, பீடத்தில் தன் சாதனைகளைச் செதுக்கி வைத்தவராம் அந்தச் சைமன். குதிரையின் பெயரை இரண்டு பேரில் யார் குறித்து வைத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். செனோஃபோனின் பக்கங்களில் அது இல்லை.