துப்பறிவோன் செய்த பிழை

துப்பறி நாவல்களைப் பொழுதுபோக்கு நூல்களென ஒதுக்கிவிடுவாருளர். குற்றவாளி யாவன் என்றறிந்ததும் நூலின் பயன் முடிந்ததென்பது அவர்தம் கருத்து. வில்கி கொலின்ஸ் 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மூன்ஸ்டோன்’ என்னும் நாவலை ஊன்றிக் கற்போர் இக்கருத்தினை உடன்படார். கவிஞர் ரி. எஸ். எலியற் இதனை ஆங்கிலத் துப்பறி நாவல்களுள் முதலாவதும் தலைசிறந்ததுமெனப் போற்றினார்.

1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கபட்டண முற்றுகையில் ஆங்கிலப் படை அதிகாரியொருவன் கொன்று கவர்ந்த மஞ்சள் வைரம், பின்னர் யோக்ஷயர் மாளிகையொன்றில் வாழும் றேச்சல் வெரிண்டர் என்னும் நங்கைக்குப் பிறந்தநாட் பரிசாக வந்து, அன்றிரவே மறைகின்றது. உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி திகைத்து நிற்க, இலண்டனிலிருந்து சார்ஜன்ட் கஃப் வருகின்றார்.

றேச்சலின் அறைக்கதவில் ஈரமாயிருந்த வர்ணம் ஓரிடத்திற் கலைந்திருந்தது. முன்னவர் அற்பமென ஒதுக்கிய அதனையே கஃப் பற்றுக்கோடாகக் கொள்கின்றார். வர்ணம் உலரும் நேரத்தைக் கணித்து, நள்ளிரவுக்குப் பின்னரே அது கலைந்ததென நிறுவுகின்றார். கறைபட்ட ஆடையைத் தேட முற்படுகின்றார். இதுவரையில் அவர் ஆராய்ச்சியிற் பழுதில்லை.

ஆனால் றேச்சல் தன் உடைப்பேழையைச் சோதிக்க இசையாள், காரணமும் கூறாள். உயர்குல மகளிர் மறைவாகக் கடன்பட்டு அல்லலுற்ற வழக்குகள் பலவற்றைக் கண்ட கஃப், அவளே வைரத்தை ஒளித்தாளெனத் துணிகின்றார். அங்கேதான் பிழை நேர்கின்றது. தான் காதலித்த பிராங்ளின் பிளேக் வைரத்தை எடுப்பதை அவள் கண்ணாரக் கண்டவள். அவனைக் காக்கவே வாய்மூடினாள். அவனோ அபின் மயக்கத்தில், தன்னையறியாது அதனைச் செய்தவன். பணிப்பெண் றொசானா கறைபட்ட அவனது இரவாடையை மறைத்ததும் அன்பினாலேயே. கஃபோ அவளையும் றேச்சலின் கையாளெனக் கருதினார். பொருள்களைச் செவ்வனே கற்ற அறிஞர் மௌனத்தைப் பிழைபடக் கற்றார்.

இதற்கோர் உண்மை வழக்கும் உண்டு. 1860இல் றோட் என்னும் ஊரில் நிகழ்ந்த குழந்தைக் கொலையை ஆராய்ந்த ஜொனதன் விச்சர் என்னும் துப்பறிவோர், காணாமற்போன இரவாடையொன்றைக் கொண்டு, அவ்வீட்டு மகளான கொன்ஸ்ரன்ஸ் கென்ற்மீது ஐயுற்றார். உலகம் அவரைப் பழித்தது. 1865இல் அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். உண்மையில் விச்சர் சரியாகவே கண்டு இகழப்பட்டார். கதையிற் கஃப் பிழைபடக் கண்டும் பெருமை குன்றாது நிற்கின்றார். அறிந்த வழக்கினை ஆசிரியர் இவ்வாறு மாற்றியமைத்தது கருதத்தக்கது. ஒரு வழக்கில் உண்மையான அனுமானம் மற்றொன்றிற் கொடிய அநீதியாகலாம் என்பதே அதனால் விளங்குகின்றது.

நாவலின் அமைப்பும் இதற்குத் துணைசெய்கின்றது. கதையைப் பலர் மாறிமாறி உரைக்கின்றனர். ஒவ்வொருவரும் தாம் நேரிற் கண்டறிந்ததை மட்டுமே கூறக் கடமைப்பட்டவர். முழு உண்மையும் ஒருவர் கையிலில்லை. அபின்பற்றிய பகுதி நம்புதற்கரியதென்னும் குறை கூறப்படலாம். அக்குறை நூலின் உயிர்நிலையைத் தாக்குவதன்று.

ஓய்வுபெற்று ரோசாச் செடி வளர்க்கும் கஃப் இறுதியில் மீண்டும் வந்து, தம் பிழையை மறையாது ஒப்புக்கொள்கின்றார். பின்னர், தாம் ஐயுறும் ஒருவன் பெயரை உறையிலிட்டு முத்திரையிட்டுக் கொடுக்கின்றார், அது பொய்க்கவில்லை. அப்பெயர் யாதென நூலிற் காண்க. பிழையை ஏற்ற பின்னரே அவருக்கு உண்மை வாய்த்தது. மௌனமாயிருப்பாரைக் குற்றவாளியெனத் துணிய விரையும் எவரும் கற்கவேண்டிய நூல் இதுவாகும்.