நாமா, நாங்களா?

ஒரு நாவலைக் கையில் எடுத்ததும் கதையைச் சொல்வது யார் என்று பார்ப்பது என் வழக்கம். நம் அரசியல் சட்டத்தையும் அப்படித்தான் படித்தேன். முகவுரையில் பேசுவது அரசரல்ல, ஆண்டவனல்ல, இந்திய மக்கள். ஆங்கில மூலத்தில் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவனுக்கு அதில் இடமில்லை. 'நாம்' என்றால் அவனும் சேர்ந்தவன். தமிழாக்கத்தில் இருப்பது 'நாம்'. மொழிபெயர்ப்பில் ஒரு புஸ்தகம் தெளிவடைவது அபூர்வம். இங்கே அது நேர்ந்திருக்கிறது.

1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்டபோது 395 ஷரத்துகள். நடை வக்கீல் நடை. பல இடங்களில் அலுப்புத் தட்டும். 23ஆவது ஷரத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெட்டி வேலை வாங்கக் கூடாது என்கிறது அது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார் வம்சங்கள் அங்கே அதிகாரம் செலுத்தின. குடியரசு வந்த பிறகும் அங்குள்ள பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. அப்படியும் மலை சர்க்கார் நிர்வாகத்துக்குள் வர 1976 ஆயிற்று. அதே வருஷத்து 42ஆவது திருத்தம் பிரஜைகளுக்குப் பத்துக் கடமைகளை வகுத்தது. உரிமை மலையேறி முடிப்பதற்குள் கடமையும் பின்னாலேயே வந்துவிட்டது!

இது புஸ்தகத்தின் குறையா? குறை வாசகருடையது என்றே எனக்குத் தோன்றுகிறது. சமவெளியில் படித்தவர்கள், ஓட்டுப் போட்டவர்கள், மேலே இருப்பவர்களுக்கு 23ஆவது ஷரத்து எட்டியதா என்று 26 வருஷம் கவலைப்படவில்லை. ஓட்டுச் சாவடியோடு பிரஜையின் வேலை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம்.

2019 நவம்பர் 26இல், அந்தப் புஸ்தகத்துக்கு எழுபது வயது நிறைந்த நாளில், கள்ளக்குறிச்சி தனி ஜில்லா ஆயிற்று. 2024 ஜூனில் அதே ஊரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. மலையில் சாராயம் காய்ச்சுவதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அதற்குப் பிறகே சென்னை ஹைகோர்ட் தானாக முன்வந்து மலைமக்களின் வாழ்க்கை நிலையை விசாரிக்க எடுத்துக்கொண்டது. சாவு வந்து கேட்கவைத்த கேள்வியைப் பிரஜைகள் முன்பே கேட்டிருக்கலாம்.

'நாம்' என்று வாசித்துவிட்டு, மனசுக்குள் 'நாங்கள்' என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். அதுவரை அந்தப் புஸ்தகத்தின் முதல் வரியையே நாம் தாண்டவில்லை.