மிக்ஸியில் தோற்கும் காபி

நகரத்து அடுப்படிகளில் காபிக்கென்றே ஓர் அலமாரி முளைத்துவிட்டது. பித்தளை பில்டருக்குப் பக்கத்தில் பிரெஞ்ச் பிரஸ், மோக்கா பாட், ஏரோபிரஸ், வி60. எதில் போட்ட காபி உசத்தி என்ற ஒப்பீடுகளும் பெருகிவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றை நான் நம்புவதில்லை.

இந்த ஆர்வத்தால் நன்மை இருக்கிறது. கொட்டை ஏற்காடா சிக்மகளூரா, அராபிகாவா ரொபஸ்டாவா, என்றைக்கு வறுத்தது என்று கேட்டு வாங்குகிறார்கள். சிக்கரி இல்லாமல் குடிக்கப் பழகுகிறார்கள். சாதனங்களும் நல்லவைதான், மோக்கா பாட் 1933இல் வந்த வடிவத்திலேயே ஏறக்குறைய இன்றும் இருக்கிறது.

அவ்வளவும் செய்துவிட்டு, கொட்டையை மிக்ஸியில் கொட்டுகிறார்கள். ‘மிக்ஸி இருக்கும்போது தனி கிரைண்டர் எதற்கு, விட்டுவிட்டுச் சுற்றினால் போதாதா?’ என்ற வாதத்தை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். போதாது. மிக்ஸியின் பிளேடு கொட்டையை அடித்துச் சிதறடிக்கிறது. ஒரே ஜாரில் மாவும் கிடக்கும், மிளகளவுத் துண்டும் கிடக்கும். வெந்நீர் பட்டதும் மாவு சாரத்தைச் சட்டென விட்டுவிட்டு, கசப்பையும் துவர்ப்பையும் இறக்கத் தொடங்கும். பெரிய துண்டின் நடுவே அதற்குள் தண்ணீர் சரியாகப் போயே இருக்காது. அது தருவது சப்பென்ற புளிப்பு. கொதியின் அளவை மாற்றினாலும் ஊறும் நேரத்தை மாற்றினாலும் ஒன்று சரியாகும்போது மற்றது கெடும்.

பிரெஞ்ச் பிரஸ்ஸில் தூள் நான்கு நிமிடம் போல ஊறுகிறது. அதற்குப் பருவெட்டான தூள் வேண்டும். மாவு அதன் உலோக வலையைத் தாண்டி வண்டலாகிவிடும். வி60இன் 60 பாகைக் கூம்பில் அதே மாவு காகிதத்தை அடைத்துத் தண்ணீரைத் தேக்கும். ஒரே மிக்ஸித் தூளை இரண்டிலும் போட்டுத் தீர்ப்புச் சொல்பவர் இரண்டிலும் மிக்ஸியைத்தான் ருசித்திருக்கிறார்.

நம் பில்டர் எதையும் தாங்கும் என்பார்கள். தாங்குவது சிக்கரி. எளிதில் கரைந்து நிறமும் கெட்டியும் கொடுத்துவிடுகிறது. மிச்சக் குறையைப் பாலும் சர்க்கரையும் மூடுகின்றன. சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காடு இருந்தால் போதும் என்று நம் உணவு விதிகளே இடம் கொடுக்கின்றன. சிக்கரியை நீக்கிவிட்டு மிக்ஸித் தூளைப் போட்டுப் பாருங்கள்: தண்ணீர் துண்டுகளின் சந்தில் ஓடி வெளிறிய டிகாஷனாக இறங்கும், அல்லது மாவு துளைகளை அடைத்துக்கொண்டு சொட்டாமல் நிற்கும். கள்ளிச்சொட்டு டிகாஷன் அதில் வராது.

கொட்டையை வறுத்து, மேசை விளிம்பில் திருகிப் பொருத்திய கை மிஷினில் அரைத்த வீடுகள் நம்மிடம் இருந்தன. அதன் பல்வட்டுகளுக்கு இடையிலுள்ள சந்தைவிடப் பெரிய துணுக்கு வெளியே வராது. திருகினால் பருமன் மாறும். பாரம்பரியம் பேசுகிறவர்கள் பித்தளை பில்டரைப் பளபளக்கத் தேய்த்து வைத்துக்கொண்டு, காபியைக் காபியாக்கிய அந்த மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

காசு இருந்தால் முதலில் பல்வட்டு வைத்த கை கிரைண்டர், பிறகுதான் மற்றவை. இல்லையென்றால், எந்தச் சாதனத்துக்கு என்று சொல்லி, காபித்தூள் கடையில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து வாங்கலாம். வாசனை நாளுக்கு நாள் குறையும்தான். ஆனாலும் துணுக்குகள் ஓரளவு ஒரே சீராக இருக்கும்; மிக்ஸித் தூளைவிட அதுவே மேல்.