தாயக்கட்டமும் கணினித் தாயமும்: ஆட்டச் சமநிலை

தாயக்கட்டம், தரையில் கட்டம் வரைந்து இரண்டு தாயக்கட்டைகளை உருட்டி ஆடப்படும் தமிழர் ஆட்டம் ஆகும். மதுரைக்கு அருகிலுள்ள கீழடி அகழாய்வில் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. இன்று இவ்வாட்டம் கைப்பேசிச் செயலிகளாகவும் கிடைக்கிறது. திரைக்கு மாறும்போது எது சமநிலை, எது ஏமாற்று என்ற கேள்வி எழுகிறது.

தாயம் விழும் வாய்ப்பு

கட்டையின் நான்கு முகங்களில் பொதுவாக 0, 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். இரண்டு கட்டைகளும் 16 வகையாக விழலாம். அவற்றுள் தாயம், அதாவது 1, தருபவை 2 மட்டுமே. காயை இறக்கத் தாயம் வேண்டும். 10 முறை உருட்டியும் தாயம் விழாதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. எனவே நால்வர் ஆடும்போது ஒருவர் இப்படித் தவிப்பது இயல்பே. தரையில் இதை 'நேரம் சரியில்லை' என்று விட்டுவிடுபவரும், திரையில் கணினி ஏமாற்றுவதாகவே நினைக்கிறார்.

ஐயத்தின் காரணம்

பித்தளைக் கட்டைகள் குறையற்றவை அல்ல. தேய்ந்த கட்டையில் ஒரு முகம் சற்றுக் கூடுதலாக விழலாம். ஆயினும் அதே கட்டைகள் எல்லோர் கைக்கும் செல்வதால் ஆட்டம் நியாயமாகிறது. கட்டையை உருட்டாமல் வழுக்கிவிட்டாலோ, கட்டத்தைத் தவறாக எண்ணினாலோ எதிரில் இருப்பவர் தடுப்பார். சிறு பிள்ளைக்குத் தாயமின்றிக் காய் இறக்க விடுவதும் உண்டு. அதுவும் எல்லோரும் அறியவே நடக்கும். செயலியிலோ உருட்டுவதும், எண்ணுவதும், எதிரே ஆடுவதும் ஒரே நிரல்தான். அங்கே தடுக்க ஆளில்லை.

பிறநாட்டு ஒப்பீடு

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை ஆட்டத்தைத் தழுவிய கணினி விளையாட்டுகளிலும் இச்சிக்கல் உண்டு. 1988இல் வந்த 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்', பாத்திரத்தின் திறன் எண்களை ஆடுபவரே மாற்ற இடமளித்தது. 2023இல் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3', தொடர்ந்து மோசமாக விழுவதைக் குறைக்கும் 'கார்மிக் டைஸ்' அமைப்பைக் கொண்டுள்ளது; வேண்டாதவர் அதை அணைத்துவிடலாம். இவை இரண்டும் வாய்ப்பை வளைக்கின்றன. ஆனால் ஆடுபவருக்குத் தெரிந்தே வளைக்கின்றன.

மதிப்பீடு

சலுகை தருவது தவறன்று. மறைத்துத் தருவதே தவறு. தோற்றவர் விலகிவிடுவார் என்று அஞ்சி ஒரு செயலி இரகசியமாகத் தாயம் போட்டுக் கொடுத்தால், அந்த வெற்றி ஆடியவருடையது ஆகாது. ஆட்டத்தைச் சேமித்து வைத்து, நல்ல எண் விழும்வரை திரும்பத் திரும்ப உருட்டுபவரின் வெற்றியும் அப்படியே.

செயலிகள் சலுகையைத் தனித் தெரிவாக வைத்து, யாருக்கு எத்தனை தாயம் விழுந்தது என்ற கணக்கையும் காட்டலாம். ஓர் ஆட்டத்தின் கணக்கு எதையும் மெய்ப்பிக்காது. 800 உருட்டல்களில் தாயம் 100ஐ ஒட்டி வர வேண்டும். மனிதருக்கும் கணினிக்கும் தனித்தனியே அப்படி வருகிறதா என்பதை மாணவர்களே எண்ணிப் பார்க்கலாம்.