கிரானைட் ஒட்டினால் நிரந்தரமா? ஓர் அஸ்தி மாடத்தின் வரைபடம் பற்றி

பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு அஸ்தி மாடம் கட்ட வரைந்த பிளான் ஒன்று நண்பர் மூலமாகப் பார்க்கக் கிடைத்தது. எரியூட்டிய சாம்பலைக் கலசத்தில் போட்டு, சுவரில் அடுக்கடுக்காக உள்ள சின்ன அறைகளில் வைத்து மூடும் ஏற்பாடு. கொலம்பேரியம் என்கிறார்கள். லத்தீனில் அதற்குப் புறாக்கூடு என்று பொருள். மாடப்புறா என்று சொல்லிப் பழகிய நமக்கு மாடம் என்ற சொல்லே போதும்.

நம்ம பக்கம் சாம்பலைக் கடலில் கரைத்துவிடுவார்களே, இது யாருக்கு என்று கேட்கலாம். கத்தோலிக்கர்களுக்கு 1963இல் வத்திக்கான் எரியூட்டலை அனுமதித்தது. 2016இல் வந்த அறிவுறுத்தல், சாம்பலைத் தூவவோ கரைக்கவோ கூடாது, கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. ஆக, மாடம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 'பத்திரமா வச்சிருப்போம்' என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அதைக் காப்பாற்றும் கட்டுமானம் இந்தப் பிளானில் இல்லை என்பதுதான் என் குறை.

தலைப்பில் 'நிரந்தரக் கருங்கல் கட்டடம்' என்று போட்டிருக்கிறது. உள்ளே பார்த்தால் கான்கிரீட் சட்டம், செங்கல் தடுப்பு, அதன்மேல் பசை போட்டு ஒட்டிய 18 மில்லிமீட்டர் கிரானைட். சமையல் மேடைக்குப் போடுகிற அதே பலகை. கல் கெடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே கல் எதையும் தாங்கவில்லை. தாங்குவது கம்பி. இந்த ஊரோ கடலோரம். உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். கான்கிரீட் பிளக்கும், பலகை பெயரும். கடலோரத்துப் பழைய வீடுகளின் சன்ஷேடை அண்ணாந்து பார்த்தாலே விஷயம் புரியும். இங்கே பெயர்ந்து விழப்போவது இறந்தவர் பேர் வெட்டிய கல்.

தண்ணீர் பற்றியும் பிளானில் பேச்சே இல்லை. இந்தச் செம்மண் மேட்டில் மழைநீர் எப்படி ஓடை ஓடையாக அறுத்துக்கொண்டு கடலுக்கு இறங்குகிறது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அஸ்திவாரத்தைச் சுற்றி வடிகால் இல்லாமல் மேலே என்ன கல் வைத்து என்ன?

இதே வட்டாரத்தில் சாவுக்குக் கட்டியவர்கள் நமக்கு முன்னாலும் இருந்தார்கள். புதுச்சேரிக்கு மேற்கே சுத்துக்கேணி, முத்திரப்பாளையத்துப் பெருங்கற்கால ஈமக்காடுகளை ழான்-மரி கஸால் தோண்டி, 1956இல் அறிக்கை வெளியிட்டார். தாழியும் கால் வைத்த சுடுமண் பேழையும் ஈராயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்து வந்தவை. திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கல்திட்டைகளில் சிமென்டும் இல்லை, இரும்பும் இல்லை. நிறுத்திய பலகைக்கல் மேல் மூடுகல், எடைதான் பிடிமானம். மழையும் வெயிலும் அவற்றைச் சாய்த்ததைவிட, ஜல்லிக்காக மனுஷன் உடைத்ததே அதிகம் (இதைத் தனியாக எழுத வேண்டும்).

அதற்காக எல்லாரையும் தாழியில் புதைக்கச் சொல்லவில்லை. திருவக்கரைக் குவாரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. 75 மில்லிமீட்டருக்குக் குறையாத முழுப் பலகைகளில் காடி வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று உட்கார வைக்கலாம். பிணைக்க வேண்டிய இடத்தில் 316 கிரேடு எவர்சில்வர் முளை. மூடுபலகையைப் பசையால் ஒட்டாமல் திருகாணியில் மாட்டலாம். ஒன்று உடைந்தால் பக்கத்து மாடத்தைத் தொடாமல் மாற்ற முடியும். செலவு கூடும்தான். 200 மாடத்துக்குப் பதில் முதலில் 60 கட்டட்டும்.

இன்னொன்று, அளவு. பிளானில் ஒரு மாடத்துக்கு ஒரு கலசம்தான். புறநானூறு 256இல் ஒரு பெண் குயவனிடம், தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யச் சொல்கிறாள். கணவன் பக்கத்தில் மனைவி கலசமும் வைக்க இடம் கேட்கும் குடும்பம் இன்றைக்கும் நிச்சயம் வரும். கூடுதலாக ஒரு சாண் அகலம் போதும்.

கடைசிப் பக்கத்தில் 30 வருஷக் குத்தகை என்று இருக்கிறது. பிள்ளைகள் ஊரை விட்டுப் போய்ப் புதுப்பிக்க ஆளில்லாமல் போனால் கலசம் என்னாகும்? ஒரு வரிகூட இல்லை. வெளிநாடுகளில் பல இடங்களில் பொதுக் குழியில் சேர்த்து, பெயரை மட்டும் கல்லில் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்வதானால் அந்தக் குழிக்கும் பெயர்க்கல்லுக்கும் இப்போதே இடம் குறிக்க வேண்டும். குத்தகைத் தாளிலும் எழுதி, பணம் வாங்குவதற்கு முன்னால் குடும்பத்துக்குப் படித்துக் காட்ட வேண்டும்.