தடவிப் பார்த்து வாங்கிய தாள்

சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் பேப்பர் வாங்கப் போகும் வடிவமைப்பாளர்கள் எல்லோரும் அங்கே ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறோம். கடைக்காரர் மாதிரிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் போடுவார். அதை விசிறியாக விரித்து ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்போம். துணி நெய்த மாதிரி ஒன்று, மணல் தூவிய மாதிரி ஒன்று, முத்துப் பளபளப்பில் ஒன்று, வைக்கோல் துணுக்கு தெரிகிற கைத்தாள் ஒன்று. பட்டுக்கடையில் முந்தானையைத் தடவிப் பார்க்கிற அதே விரல், அதே முகபாவம். பத்து நிமிடத்தில் தாள் முடிவாகிவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் அதில் ஓர் எழுத்தைக்கூட அச்சடித்துப் பார்த்திருக்க மாட்டோம்.

என் குறை அவ்வளவுதான். ஃபேன்சி பேப்பர், டெக்ஸ்சர் போர்டு, இம்போர்ட்டட் என்று கடைத்தெருவில் பல பெயரில் புழங்கும் சிறப்புத் தாள்கள்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. பல வருடமாக வாங்கிக்கொண்டிருப்பவன். வெற்றுத் தாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோமே, கோளாறு அங்கே இருக்கிறது. வாசகர் கைக்கு வெற்றுத் தாள் போவதில்லை. மை ஏறி, மடிந்து, முதுகில் பசை பூசி, மூன்று பக்கமும் வெட்டுப்பட்டு, ஐப்பசி ஈரத்தில் ஒரு வாரம் கட்டாகக் கிடந்த பிறகுதான் போகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு அட்டை செய்தேன். 300 பிரதி. நெருக்கமான வரிக்கோடுகள் ஓடும் தந்த நிறப் போர்டு, 250 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 250 கிராம். கவிஞர் தடவிப் பார்த்துவிட்டு, “வேட்டி மாதிரி இருக்கு சார்” என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும்? 300 பிரதிக்கு ஆஃப்செட்டில் பிளேட் போட்டால் கட்டுப்படியாகாது என்று டிஜிட்டல் மெஷினில் ஓட்டினோம். டோனர் என்பது தூள். சூட்டில் உருகித் தாளின் மேலே ஒட்டிக்கொள்ளுமே தவிர, மைபோல உள்ளே ஊறாது. வரிக்கோட்டின் மேட்டில் ஒட்டியது, பள்ளத்தில் இறங்கவில்லை. அட்டை முழுக்கப் பரப்பியிருந்த கரும்பச்சை, சீப்பால் வாரிவிட்டது போலக் கீற்றுக் கீற்றாக வந்தது. பின்னட்டையில் 8 பாயிண்டில் வைத்திருந்த ஆசிரியர் குறிப்பில் மெய்யெழுத்துப் புள்ளிகள் அங்கங்கே காணாமல் போயின. தமிழில் புள்ளி போனால் சொல்லே வேறாகிவிடும். முதுகு மடிப்பில் பச்சை உதிர்ந்து வெள்ளை நூல் ஓடியது. அச்சகக்காரர், “பேப்பர் நீங்க எடுத்தது சார்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எழுத்தைப் பற்றி நினைக்காமல் தாளைத் தேர்ந்தெடுத்ததுதான் அங்கே நடந்த பிழை. பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் மெல்லிய கோடுகள் கொண்ட எழுத்தை உருவாக்கியபோது, அன்று பொதுவாகக் கிடைத்தது தாள் வார்க்கும் சட்டத்தின் கம்பிக்கோடு விழுந்த தாள். 1757இல் அவர் வெளியிட்ட வர்ஜில் பதிப்பின் ஒரு பகுதி, கோடு விழாத புதுவகைத் தாளில் அச்சானது. போதாதென்று, அச்சான தாள்களைச் சூடான தகடுகளுக்கு நடுவே அழுத்தி மழமழப்பாக்கினார். தரங்கம்பாடியில் நிலைமை தலைகீழ். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியவை. தாளோ கப்பலில் வர வேண்டிய அரும்பொருள். மிஷனரி சீகன்பால்கும் உடனிருந்தவர்களும் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்துக்கொண்ட பிறகுதான் 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இரண்டு இடத்திலும் தாளும் எழுத்தும் ஒரே மேசையில் வைத்துப் பேசப்பட்டிருக்கின்றன. இன்று தாள் ஆண்டர்சன் தெருவில் முடிவாகிறது, எழுத்து கணினியில் முடிவாகிறது, இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது மெஷினில்.

தமிழ் எழுத்து இதில் கூடுதலாக அடிபடும். ‘ண’, ‘ஞ’, ‘ணை’, ‘இ’ என்று எங்கே பார்த்தாலும் சுழி. பூச்சு இல்லாத தாளில் மை பக்கவாட்டில் பரவும். படத்துக்கான புள்ளிகளும் பெருக்கும். ஆர்ட் பேப்பரில் அங்குலத்துக்கு 175 வரியில் துல்லியமாக வருகிற புகைப்படத்தை, ஊறுகிற தாளில் 133 வரிக்கு இறக்கியும் நிழற்பகுதி சேறாகிவிடுவதுண்டு. எழுத்தில் அதே பரவல் சுழிகளை அடைக்கும். கறுப்பின் நடுவே வெள்ளை எழுத்து விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். நாலா பக்கமிருந்தும் மை உள்ளே வந்து எழுத்தை மெலியச் செய்துவிடும். தாள் மாறினால் எழுத்தளவை அரைப் பாயிண்ட் கூட்டுவதும், கோடு தடித்த எழுத்துருவுக்குப் போவதும் அச்சுக்கோத்த காலத்து ஃபோர்மேனுக்குச் சொல்லித்தர வேண்டாத விஷயங்கள். நாம் திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறோம்.

தாளை முதலில் வைத்து யோசித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சாட்சியும் சென்னையில் இருக்கிறது. தாரா புக்ஸ் 2006இல் கொண்டுவந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூன்று கோண்டு ஓவியர்கள் வரைந்த மரங்கள், கறுப்புக் கைத்தாளில், ஸ்கிரீன் பிரிண்டிங்கில். வெள்ளைத் தாளில் கறுப்பை அச்சடித்து இரவு காட்டியிருக்கலாம். அப்போது அது இரவின் படம். இங்கே தாளே இரவு. மரம் அதன்மேல் வந்து நிற்கிறது. விரலால் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும். ஆஃப்செட் மை மிக மெல்லிய படலம், ஒளி ஊடுருவுவது, கறுப்புத் தாளில் போட்டால் அமுங்கிப்போகும். திரையச்சு மைக்குத்தான் அந்தத் தடிமனும் மறைக்கும் சக்தியும் உண்டு. தாள், மை, அச்சு முறை, ஓவியம் நான்கில் ஒன்றை மாற்றினாலும் மற்ற மூன்றும் சரியும். சிறப்புத் தாளை நியாயப்படுத்த இதைவிட நல்ல வாதம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் புத்தகத்தைக் காட்டி, “கைத்தாளில் போடலாம்” என்று எல்லா வேலைக்கும் கேட்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. அதில் பக்கத்துக்குப் பக்கம் எழுத்து கொஞ்சம்தான். துணிக்கழிவிலிருந்து செய்யும் கைத்தாள் தாளுக்குத் தாள் தடிமன் மாறும், ஓரம் நேராக இராது, வேகமான மெஷின் அதைக் கவ்வாது. அந்த மாறுபாடே அழகாகிற இடங்கள் உண்டு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைத்தாளில் செய்த ஒரு நாட்குறிப்பு இன்னும் என் மேசையில் இருக்கிறது. 400 பக்க நாவலை அதில் போட்டால் செங்கல் மாதிரி இருக்கும், விரியவும் விரியாது.

கல்யாணப் பத்திரிகைக்கு வருவோம். சிறப்புத் தாள் நம் வீடுகளுக்குள் வருவது பெரும்பாலும் அந்த வழியில்தான், அத்தனை கோளாறையும் ஒரே உறையில் பார்க்கலாம். உலோகப் பளபளப்புப் போர்டில் மை ஊறாது, காற்றில் காய்ந்தால்தான் உண்டு. அவசரத்தில் அடுக்கினால் ஒன்றின் மை இன்னொன்றின் முதுகில் ஒட்டும். நடுவில் வைக்கிற டிரேசிங் பேப்பர், ஈரக்காற்று பட்டதும் சுருண்டுகொள்ளும். கரடுமுரடான போர்டில் தங்க ஃபாயில் அடித்தால் பள்ளத்தில் விழாமல் சொரசொரவென்று நிற்கும். விழுந்தாலும் தந்த நிறத்தின்மேல் தங்கம். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் எழுத்து ஒளிந்துகொள்ளும். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று பெரியப்பா போன் போட்டுக் கேட்கிறார். பத்திரிகை கையில்தான் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டையில் அது பிடிக்காது, காய்ந்ததும் பொடியாகக் கொட்டி உறைக்குள் கிடக்கும். பூச்சில்லாத தடித்த தாளில் மஞ்சள் ஊறி, ஓரம் மங்கி, ஒரு பூப்போல உட்காரும். இந்தப் பத்திரிகைக்கு ஏற்ற தாள் எது என்பதற்கு அந்த மஞ்சளையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். மாதிரிப் புத்தகத்தைப் புரட்டுகிறபோது ஒருவரும் மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுபோவதில்லை.

புத்தகங்களின் உள்தாளில் நடப்பது வேறு கதை. அங்கே ஆடம்பரத்தைவிடக் கணக்குதான் பேசும். அச்சகத்தில் “18.6 கொடு” என்றால் புரியும்: 23க்கு 36 அங்குலத் தாள், 70 ஜி.எஸ்.எம்., 500 தாள் கொண்ட ரீம் 18.6 கிலோ. அதே எடையில் ‘பல்க்’ கூடிய, லேசான மஞ்சள் சாயல் கொண்ட தாள் இப்போது தமிழ்ப் பதிப்பாளர்களிடம் செல்லம். கணக்கு எளிது: ஜி.எஸ்.எம்.மை பல்க் எண்ணால் பெருக்கினால் தாளின் தடிமன் மைக்ரானில். பல்க் 1.3 என்றால் 70 ஜி.எஸ்.எம். தாள் 91 மைக்ரான், 1.8 என்றால் 126. 240 பக்கப் புத்தகம், அதாவது 120 தாள், முதலாவதில் 11 மில்லிமீட்டர், இரண்டாவதில் 15. ஒரு வரிகூடக் கூடாமல் புத்தகம் குண்டாகிவிட்டது. விலையும் கூச்சமில்லாமல் கூடலாம்.

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட மாட்டேன். பல்க் தாளில் மறுபக்க எழுத்து குறைவாகத் தெரியும், கையில் கனக்காது, மங்கிய நிறம் பளீர் வெள்ளையைவிடக் கண்ணுக்கு இதம். படுத்துக்கொண்டு படிப்பவர்களைக் கேளுங்கள். ஆனால் அந்த மஞ்சள் சாயலைப் ‘பழைய புத்தகத்தின் மணம்’ என்ற தோரணையில் விற்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பழைய தமிழ்ப் புத்தகங்கள் மஞ்சளானது தாளில் இருந்த அமிலமும் லிக்னினும் செய்த வேலை. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் அதனால் வரும் நொறுங்கலோடுதான் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நீடித்து நிற்கும் தாளுக்கு ஐ.எஸ்.ஓ. 9706 என்று ஒரு தரமே இருக்கிறது. காரத்தன்மை, சுண்ணாம்புச் சேமிப்பு, கிழியாத வலு என்று அதில் சொல்லும் எதுவும் விரலுக்குத் தட்டுப்படாது. புத்தகத்துக்கு உண்மையில் தேவையான சிறப்பு இதுதான், கடையில் நான் கேட்டுப் பார்த்தவரை யாரும் இதைப் பற்றி விசாரிப்பதில்லை. நானும் பல வருடம் விசாரித்ததில்லை.

விரலுக்குத் தெரிந்தும் நாம் கவனிக்காத ஒன்று தாளின் நாரோட்டம், கிரெய்ன். புத்தகத்தின் முதுகுக்கு இணையாக நாரோட்டம் இருந்தால் பக்கம் பணிவாக விழும். குறுக்கே இருந்தால் விறைத்து நிற்கும், பசை ஈரத்தில் முதுகோரம் அலையலையாக நெளியும். 23க்கு 36 தாளில் நாரோட்டம் 36 பக்கமாக ஓடினால் டெமி அளவுப் பக்கத்துக்குச் சரியாக அமைந்துவிடுகிறது. சிறப்புத் தாள்கள் வேறு வேறு அளவில் வருகின்றன. விலை அதிகம் என்பதால் வேஸ்டேஜைக் குறைக்கப் பக்கங்களைத் திருப்பிப் போடுவோம், நாரோட்டம் குறுக்கே போய்விடும். ஆக, கிலோவுக்கு இரண்டு மடங்கு கொடுத்து வாங்கிய தாளில் செய்த புத்தகம், சாதாரண மேப்லித்தோ தாளில் செய்ததைவிட மோசமாக விரியும். ஒரு துண்டைக் கிழித்துப் பார்த்தால் போதும். நேராகக் கிழிகிற பக்கம்தான் நாரோட்டம். கடைக்காரர் முறைக்கலாம், பரவாயில்லை.

‘மரம் வெட்டாத தாள்’ என்று கேட்டு இறக்குமதி மாதிரிகளைப் புரட்டுபவர்களையும் பார்க்கிறேன். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இலிருந்து தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையைக் கூழாக்கித் தாள் செய்துவருகிறது. மரக்கூழும் சேர்கிறதுதான், ஆனாலும் சக்கைதான் அதன் அடையாளம். நம் பள்ளி நோட்டிலும் மலிவுப் பதிப்பிலும் இருந்த அந்தத் தாளை யாரும் ‘ஸ்பெஷல்’ என்று சொன்னதில்லை. மாறாக, கைத்தாளில் அட்டை போட்டுவிட்டு, அழுக்காகாமல் இருக்க மேலே மேட் லேமினேஷன் ஒட்டச் சொல்கிறோம். அதன்பின் அந்தத் தாள் கைக்கும் எட்டாது, மறுகூழுக்கும் எளிதில் போகாது.

இப்போதெல்லாம் தாளை முடிவு செய்யும் முன் இரண்டு கேட்கிறேன். அதே தாளில், அதே கிரெய்னில், அதே பக்க எண்ணிக்கையில் வெறும் டம்மி ஒன்று. பிறகு, ஓடப்போகிற அதே மெஷினில் ஒரே ஒரு தாள் அச்சு, 8 பாயிண்ட் எழுத்தோடு. டம்மிக்குப் பைண்டர் தனியாகக் காசு கேட்பார். கொடுத்துவிடலாம்.

அந்தக் கவிதைத் தொகுப்பு இரண்டாம் பதிப்புக்கு வந்தது. இந்த முறை வழவழப்பான தாளில், எழுத்தைப் பெரிதாக்கி, புள்ளி ஒன்றுகூடப் போகாமல் ஓட்டிக் கவிஞரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத் தெரியுது சார்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த வேட்டி அட்டை இப்போ கிடைக்காதா?” என்றார். விசாரித்தேன். அந்த வரிசையே வருவதை நிறுத்திவிட்டார்களாம்.