தெய்வமும் நிறமும்

சென்ற மாதம் கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது ஒரு டீக்கடைக் காலண்டர் கண்ணில் பட்டது. ஏசுநாதர் படம். பொன்னிறத் தலைமயிர், நீலக் கண்கள், பால் போன்ற மேனி. அதன் கீழே டீ ஆற்றிக் கொண்டிருந்த அம்மாளோ, மல்லாட்டைக் கொல்லை வெயிலில் வாடிக் கறுத்த நம் ஊர்ப் பெண்மணி. கழுத்தில் சிறிய சிலுவை.

ஏசு மேற்காசியாவில் யூத குலத்தில் பிறந்தவர். கலிலேயாவின் வெயிலில் ஊர் ஊராக நடந்தவர். ஐரோப்பிய ஓவியர் அவரைத் தம் அண்டை வீட்டாரின் சாயலில் தீட்டினார்கள். அது பிழையன்று. எத்தியோப்பியரும் தம் சாயலில்தான் தீட்டினார்கள். நாம் மட்டும் ஏன் இரவல் முகத்தோடு திருப்தி அடைந்தோம்?

வழி காட்ட ஆளில்லாமல் அல்ல. 1710-இல் இந்தியா வந்த இத்தாலியரான வீரமாமுனிவர், 1726-இல் முடித்த தேம்பாவணியில் சூசையப்பருக்கு ‘வளன்’ என்று பெயரிட்டார். யூதேயாவை நெல் விளையும் தமிழ் நாடாகவே பாடினார். கோணான்குப்பத்தில் மாதாவுக்குப் புடவை உடுத்திப் ‘பெரியநாயகி’ என்று அழைத்தவரும் அவரே.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின் கோவாவின் ஆஞ்செலோ த ஃபொன்சேகா (1902–1967) இன்னும் ஒருபடி மேலே போனார். சாந்திநிகேதனில் பயின்ற அவர், மாதாவை மாநிறத்துக் கோவாப் பெண்ணாகவே வரைந்தார். சொந்த ஊரில் எதிர்ப்பு எழுந்தது. புனாவில் ஓர் ஆசிரமத்தில் தங்கித்தான் வரைய முடிந்தது.

புடவையை ஏற்ற மனம் நிறத்தை ஏற்கவில்லை! நம்மைப் போன்ற ஒரு முகத்தைக் கும்பிடக் கை எழவில்லை என்றால், குறை ஓவியத்தில் இல்லை. நம்மைப் பற்றி நாமே வைத்திருக்கும் மதிப்பில் இருக்கிறது.

இது கிறிஸ்தவர்களின் குறை மட்டுமா? கார்மேக வண்ணன் என்று பாடிவிட்டு, கண்ணன் படத்துக்கு நீலச் சாயம் பூசுகிறவர்கள்தானே நாம்? இன்னும் ஒன்று சொல்லி விடுகிறேன். என் நாவல்களின் கதாநாயகிகள் எல்லாரும் எலுமிச்சம்பழ நிறம். யோசித்து எழுதியதல்ல; பேனா தானாகவே அப்படி ஓடிற்று.

அந்த டீக்கடை அம்மாள் என் நாவலைப் புரட்டினால் தன்னை எங்கே காண்பாள்? ஒரு வேலைக்காரியாக, இரண்டு பக்கம். காலண்டர் ஓவியனைக் குறை சொல்லப் புறப்பட்ட எனக்கு, பஸ் வந்து நின்றபோது வாய் எழவில்லை.